ஓடாவியைத் தேடுவோர் கவனத்துக்கு

நமது ஊர் வரலாறு எழுதுவோர் பழைய டைரக்டரிகளையும் பத்திரிகைகளையும் புரட்டத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு பேரைக் கண்டதும் "இந்தா, நம்மட மூத்தவாப்பா" என்று முடிவு கட்டுவதும், பேர் இல்லாவிட்டால் "அப்பிடி ஒராள் இருக்கவே இல்ல" என்று கைவிடுவதும் ஆராய்ச்சியாகாது.

கற்பிட்டியில் தோணி கட்டிய சோனக ஓடாவி ஒருவரைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைக்கு வருவது சைமன் காசிச்செட்டியின் கெசட்டியர் (1834). அவர் 1807இல் கற்பிட்டியிலேயே பிறந்தவர். அந்தத் துறையைக் கண்ணால் கண்டவர். என்றாலும் அந்நூல் ஊர்ப்பேர்களின் அகராதி. உளி பிடித்தவரின் பேரைச் சொல்வது அதன் வேலையல்ல.

அடுத்தது பெர்குசன் டைரக்டரி. உத்தியோகத்தர், கம்பனிகள், தோட்டங்கள், தோட்டத்துரைமார் என்று அதன் பட்டியல்கள் நீளும். அது யார் கைக்காக அச்சிடப்பட்டது என்று பார்த்தால், ஓடாவி அதில் இல்லாத காரணம் விளங்கும். அக்காலப் பத்திரிகைகளின் கப்பற் செய்தியும் அப்படித்தான்: கப்பலின் பேர் வரும், தலைவனின் பேர் வரும், புறப்பட்ட துறை வரும், கட்டியவரின் பேர் வராது.

சித்திலெப்பை 1882இல் கண்டியில் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' வேறு வகை. அங்கே நமது பேர்கள் நமது எழுத்திலேயே கிடைக்கும். அது பெரிய உதவி. ஆங்கில ஏடுகளிலோ, குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் எழுத்து. ஒரே காதர் நாலு விதமாக வருவார். நாலு காதர்கள் ஒருவர்போலத் தெரிவார்கள்.

இதைவிடப் பெரிய பொறி நமது வழக்கத்திலேயே இருக்கிறது. மூத்தவாப்பாவின் பேரைப் பேரனுக்கு வைக்கிறோம். நாற்பது வருட இடைவெளியில் அதே பேர் மீண்டும் வந்தால், அது ஒரே ஆளின் நீண்ட வாழ்வா, இரண்டு தலைமுறையா? பேர், வாப்பாவின் பேர், ஊர், தொழில் ஆகிய நான்கில் மூன்றாவது பொருந்தாமல் இரண்டு குறிப்புகளை ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

அச்சில் வராதவர் வாழாதவரல்லர். அவர் வாங்கிய காணியின் உறுதி யாரோ ஒருவரின் பெட்டகத்தில் கிடக்கலாம். பள்ளிவாசல் கணக்கேட்டில் அவர் கொடுத்த காசு பதிவாகியிருக்கலாம். மையவாடியில் மீஸான் கல் நிற்கலாம். டைரக்டரி எங்கும் போகாது, நூலகத்தில் இருக்கும். உறுதியைக் கறையான் தின்னுமுன், மீஸானின் எழுத்து உப்புக்காற்றில் கரையுமுன், அவற்றைப் படியெடுப்பதே முதல் வேலை.