தாயின் ஐயமும் தோழியர் காத்திருப்பும்: திருவில்லிபுத்தூர்ப் பாசுரங்களிற் பருவங்கடத்தல்

உடற்குறையோ அறிவுவளர்ச்சிக் குறையோ உடைய இளைஞர் பள்ளிப் பருவத்தைக் கடந்து முழுவாழ்வினுட் புகுதற்கு உதவுதல், இன்று சட்டத்தாரும் கல்வியியலாரும் பேசும் பொருளாகும். இலக்கியத் திறனாய்வார்க்கு இதில் என்ன பணி என்று வினவுவாரும் உளர். ஒருவர் வளர்ந்தவர் ஆதல் எப்பொழுது, அதனை அறுதியிடுவார் யாவர் என்னும் வினா, சட்டத்திற்கு மிக முன்னரே இலக்கியத்துள் எழுந்துவிட்டது என்பதே எம் விடை. திருவில்லிபுத்தூரிற் பிறந்த பெரியாழ்வார் திருமொழி, திருப்பாவை ஆகிய இரண்டனையும் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். ஆய்ந்து பெறும் முடிபு, அவ்வூர்க்கும் அதனை அடுத்த இராசபாளையத்திற்கும் இன்று எங்ஙனம் பொருந்தும் என்பதனையும் இறுதியிற் காட்டுவாம்.

1. எண்ணும் அழைப்பும்

பாட்டியல் நூலார் பருவங்களை எண்ணால் வரையறுத்தனர். பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. செங்கீரை ஐந்தாந் திங்கட்கும் சப்பாணி ஒன்பதாந் திங்கட்கும் உரியன எனப் பொதுவாகக் கூறுவர். உலாவில் வரும் மகளிர்க்குப் பருவம் ஏழு; பேதைக்கு ஐந்து முதல் ஏழாண்டு எனத் தொடங்கிப் பேரிளம்பெண் ஈறாக ஆண்டுக் கணக்கு வகுத்தல் பெரும்பான்மை வழக்கு. திங்களும் ஆண்டும் நிரம்பியும் ஆட்டமோ நடையோ நிரம்பாத பிள்ளைக்கு இவ்வரிசையுள் இடம் யாது? பாட்டியல் நூல்கள் இதனைக் கருதிற்றில.

அந்நூல்கட்கு முற்பட்ட பெரியாழ்வார் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனப் பாடிச் செல்கின்றார். ஆயினும் பருவந்தோறும் திங்கட் கணக்கு வகுத்தாரல்லர். அவர் பாடலிற் பருவத்தைத் தொடக்குவது அழைப்பு. தாய் ஆடுக என்கின்றாள், கை கொட்டுக என்கின்றாள், வருக என்கின்றாள். பிள்ளையின் வளர்ச்சி அவ்வழைப்பிற்கு எதிர்மொழியாக நிகழ்கின்றது. பிற்காலத்தார் எண்ணை இறுகப் பற்றி, அழைப்பினை வெறும் வாய்பாடாக்கி விட்டனர் என்பது எம் கருத்து.

2. தாயின் கணக்கு

மூன்றாம் பத்தின் ஏழாந் திருமொழி, மகள்மேல் நற்றாய் இரங்கிக் கூறுவது. மகளின் உடம்பிற் புழுதி படிந்துள்ளது, பேச்சுத் திருந்தவில்லை, சிற்றாடையைச் செவ்வனே உடுக்க அறியாள், விளையாட்டுப் பாண்டங்களைக் கைவிட்டாளல்லள், பல் எழவில்லை, கூந்தல் முடிக்கும் அளவிற்குக் கூடவில்லை. இங்ஙனம் இல்லாதனவற்றையே அடுக்கிக் கூறுகின்றாள் தாய். மகளோ தன் உள்ளஞ் சென்ற வழியே சென்றுவிட்டாள்.

இதனைக் காதலின் விரைவு காட்டும் உயர்வு நவிற்சி என்று கூறி அமைவர். அது பொருந்துமாயினும், நோக்கத்தக்கது பிறிதொன்றும் உண்டு. தாய் எண்ணிய யாவும் மெய்யாகலாம். அவற்றைக் கொண்டு அவள் செய்த முடிபே தவறியது. பேச்சு, உடை, முடி என்னும் இவையே இன்றும் குறையுடைய இளைஞரை மதிப்பிடும் படிவங்களில் வினாக்களாக நிற்கின்றன. இத்தகைய பட்டியல், எவ்விடத்து எத்துணை உதவி வேண்டும் என்று அறிதற்குப் பயன்படும். அது நிரம்பிய பின்னரே வாழ்வு தொடங்கல் வேண்டும் எனின், பலர்க்கு வாழ்வு தொடங்குதலே இன்றாம்.

எட்டாந் திருமொழியில் மகள் இல்லம் நீங்கிச் சென்றுவிட்டாள். தாயின் வினா இப்போது மாறுகின்றது. அசோதை மருமகளை உவந்து ஏற்பாளோ? விடியுமுன் எழுந்து உறங்காதிருந்து தயிர் கடைய இவள் வல்லளோ? ஏற்கும் இல்லம் பற்றியது முன்னையது. மகளின் திறம் பற்றியது பின்னையது. தாய் இரண்டனையும் ஒருங்கே வினவுதல் கூர்ந்து நோக்கற்பாலது. திறம் மட்டும் ஆராய்ந்து, ஏற்கும் இடத்தை ஆராயாது விடுதல் அரைவினாவாய் முடியும். தமக்குப் பின் தம் பிள்ளைக்கு யார் என்று ஏங்கும் பெற்றோரின் உள்ளம் இப்பாசுரங்களில் ஒலிக்கக் கேட்கின்றாம். அவ்வினாக்கட்கு விடை கூறப்படாமலே திருமொழி முடிகின்றது.

3. வாயிலில் நின்ற தோழியர்

அவ்விடையின் ஒரு பகுதி கோதையின் திருப்பாவையில் உளது. 30 பாசுரங்களுள் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் உறங்குவாரை எழுப்புவன. நோன்பிற்குச் செல்லுங் காலம் குறுகியது. எனினும் எழாதவளை விட்டுச் செல்ல அவர்கள் ஒருப்படவில்லை. எட்டாம் பாசுரத்தில், முற்படச் சென்றோரைத் தடுத்து நிறுத்திவிட்டு வந்து அழைப்பதாகக் கூறுகின்றனர். இனிய நுகர்ச்சியைத் தனித்து நுகர்தல் அடியார்க்கு இயல்பன்று என வைணவ உரையாசிரியர் இதற்குக் காரணங் காட்டுவர். விரைந்தோரை நிறுத்திப் பின்தங்கியோர்க்குக் காத்தலே ஈண்டுக் கூட்டத்தின் ஒழுக்கமாகின்றது.

ஒன்பதாம் பாசுரம் நம் பொருட்கு இன்னும் அணுக்கமானது. உள்ளே கிடப்பவள் விடை தராமையால், தோழியர் அவள் தாயை விளித்து, மகள் ஊமையோ செவிடோ என்று வினவுகின்றனர். இது நகைமொழி என்பர். நகையாயினும், பேசாதவளைப் பற்றி அவளிடம் வினவாது தாயிடம் வினவுதல் உலகியல்பு என்பதை அது காட்டிவிடுகின்றது. குறையுடைய இளைஞரை உடன்வைத்துக்கொண்டே, அவர் பெயரும் விருப்பமும் யாவை எனப் பெற்றோரைக் கேட்பார் இன்றும் பலர்.

பதினைந்தாம் பாசுரத்தில் நிலை மாறுகின்றது. அது முற்றும் உரையாடலாய் அமைந்தது. உள்ளிருப்பவள் தானே பேசுகின்றாள். அவர்களின் கடுஞ்சொல்லை மறுக்கின்றாள். எல்லாரும் வந்தனரோ என வினவுகின்றாள். தானே வந்து எண்ணிக் காணுமாறு வெளியே நிற்போர் கூறுகின்றனர். எழுப்புதற் பகுதி அவள் குரலோடு முற்றுப்பெறுகின்றது. பதினாறாம் பாசுரத்திற் கூட்டம் நந்தகோபன் வாயிலை அடைகின்றது. தாயை வினவுதலினின்று அவளையே வினவுதற்குச் செல்லும் இந்நகர்வே எழுப்புதற் பாசுரங்களின் அமைப்புப் பொருள் என்று கொள்கின்றாம்.

உறக்கம் உடற்குறை ஆகாதே. பத்திப் பனுவலை உலகியற்குச் சான்றாக்கல் முறையோ எனின், கூறுதும். உறக்கமும் குறையும் ஒன்றென்று யாம் கூறவில்லை. பின்தங்கியோர்பாற் கூட்டம் நடந்துகொள்ளும் முறையையே ஒப்பிட்டாம். மேலும், உரையாசிரியர் காட்டும் உள்ளுறை, வெளிப்படையான உலகியற் பொருள்மேல் எழுந்ததாதலின், அவ்வுலகியலை ஆராய்தல் பனுவலுக்கு இழுக்காகாது.

4. இன்றைய வாயில்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறையும் அறிவுவளர்ச்சிக் குறையும் உடையோர் ஏறத்தாழ 2.68 கோடியர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவு குறையுடைய பிள்ளைகட்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. ஈண்டும் எண்ணே எல்லையாக நிற்கக் காண்கின்றாம். பதினெட்டு நிரம்பிய மறுநாள் பள்ளிக் கதவு அடைபடின், அடுத்த கதவினைத் திறந்து அழைப்பார் யார்? அமெரிக்க நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், மாணாக்கர் 16 வயதை எய்துமுன்னரே, பள்ளிக்குப் பிற்பட்ட வாழ்விற்கான திட்டத்தை அவர்தம் தனிக்கல்வித் திட்டத்திற் சேர்க்கப் பணிக்கின்றது. அத்திட்டம் பற்றிய கூட்டத்திற்கு மாணாக்கரையும் அழைத்தல் வேண்டும் என்கின்றது. விடியுமுன் அழைத்தல் என்பது இதுவே. நம் சட்டத்தில் இத்தகைய விதி வெளிப்பட இல்லாமை பெருங்குறையாகும்.

காப்பாளர் பற்றிய சட்டங்களிலும் மேற்கூறிய இரு பாசுரங்களின் வேறுபாட்டைக் காணலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் புறவுலகச் சிந்தனைக் குறை, மூளைமுடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறை, பல்குறை ஆகியவற்றை உடையோர்க்குக் காப்பாளரை அமர்த்த வழி செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, வரையறைக்குட்பட்ட காப்பாளர் அவரோடு கலந்து, அவர் விருப்பிற்கு இயையவே முடிபு செய்தல் வேண்டும் என்றது. முன்னது தாயை வினவுவது; பின்னது அவரையே வினவுவது. இரண்டும் இன்று ஒருங்கே நிலவுகின்றன. எந்நிலையினும் அவர்தம் குரலைக் கேட்டே முடிபு செய்தல் முறையாகும்.

இனி ஏற்கும் இடம். திருவில்லிபுத்தூரை அடுத்த கிருட்டிணன்கோவிலிலுள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம், செவித்திறனும் பேச்சுத்திறனும் குன்றிய மாணாக்கர்க்கெனப் பொறியியற் பட்டப்படிப்பினை அமைத்தமை, வாயில் திறந்தமைக்கு நற்சான்று. ஆயின் எல்லாரும் பொறியாளராதல் இயலாது. 1936இல் நிறுவப்பெற்ற ஆலை முதலாக நூற்பாலைகளாற் பெயர்பெற்றது இராசபாளையம். அதனை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவிற்கு ஊர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா திருவில்லிபுத்தூரின் தொழில். நூல் சுற்றல், துணி மடித்தல், எண்ணிக் கட்டுதல், நிறுத்துப் பொதிதல் எனப் பல கூறாகப் பிரியும் இத்தொழில்களுள், ஒவ்வொருவர் திறத்திற்கும் இயைந்த கூறு ஒன்றேனும் இருத்தல் கூடும். அதனைத் தேர்ந்து, பள்ளியில் இருக்கும்பொழுதே அவரைப் பழக்குதல், தயிர் கடைய வல்லளோ என்ற தாயின் ஐயத்திற்கு உலகம் தரத்தக்க விடையாகும்.

2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத் திருத்தம் செய்தது. இவ்விரு ஊர்களின் நகராட்சி மன்றங்களிலும், எல்லாரும் வந்தனரோ என்று எண்ணிக் காணும் உரிமை இதனால் அவர்க்குக் கிட்டுகின்றது.

முதுகலை மாணாக்கர் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை ஆராயுங்கால், எண்ணை மட்டும் ஒப்பிட்டு அமையாது, அழைப்பவர் யார், காத்திருப்பவர் யார், விடை கூறுபவர் யார் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். பருவம் தானே கடப்பதன்று. கூட்டம் காத்து நின்று, அழைத்து, விடையைக் கேட்டுக் கடப்பிப்பது என்பதனை வில்லிபுத்தூர்ப் பாசுரங்கள் உணர்த்துகின்றன.