தீவகத்து ஒடியலும் உடன்குடிக் கருப்பட்டியும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்பவர்களைப் பாருங்கள். நாகபூசணி அம்மனைக் கும்பிட வந்தவர்களும், நாகவிகாரைக்கு வந்த தென்னிலங்கை யாத்திரிகர்களும் அருகருகே நிற்பார்கள். திரும்பும்போது பலர் கையில் ஒரு சரை ஒடியலோ (காயவைத்த பனங்கிழங்கு) ஒரு குட்டான் பனங்கட்டியோ இருக்கும். அந்தச் சரை நெடுந்தீவிலோ புங்குடுதீவிலோ வேலணையிலோ ஒரு வீட்டு வளவிலிருந்து வந்தது. அந்த வளவுப் பனையில் ஒரு குருவியும் குடியிருக்கிறது.

பனை உழவாரன் என்ற அந்தச் சின்னப் பறவை, தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். முட்டையையும் எச்சிலால் ஒட்டித்தான் அடைகாக்கும். தூக்கணாங்குருவி ஓலையைக் கிழித்து நார் எடுத்து, அதே ஓலை நுனியில் கூட்டைத் தொங்கவிடும். இரவில் வௌவாலும் மரநாயும் முட்டியில் ஊறும் சாற்றுக்கு வரும். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே திரியும் குதிரைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் குருவிகளின் பனைகளில் பெரும்பகுதி பூங்காவுக்கு வெளியே, குடிசனங்களின் வளவுகளில் நிற்கிறது. வளவுக்காரருக்குப் பனையால் வரும்படி இருக்கும்வரை அது நிற்கும். இல்லாவிட்டால் விறகாகும், இல்லையேல் தீராந்தியாகும்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே மரம்தான். ஆனால் தொழில் வேறு வழியில் வளர்ந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடியில் பனையின் பெருமை கருப்பட்டியில் இருக்கிறது. பனையேறி விடியற்காலையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார்; வீட்டுப் பெண்கள் மணிக்கணக்காக அடுப்படியில் நின்று அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சாறு பதநீராக இறங்கினால்தான் சட்டப்படி விலை போகும். யாழ்ப்பாணத்தில் நிலைமை நேர்மாறு. இங்கே கள்ளுக்குத் தடையில்லை. கூட்டுறவுச் சங்கங்களே தவறணை நடத்துகின்றன. சீவல் தொழிலாளிக்கு அன்றன்றே காசு கிடைக்கிறது. அதனால் சாற்றில் பெரும்பங்கு கள்ளாகவே போகிறது. கருப்பணி (பதநீர்) இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவோர் குறைவு.

பனங்கிழங்கில்தான் உண்மையான வேறுபாடு. தமிழ்நாட்டில் அது பொங்கல் பண்டம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, கட்டுக் கட்டாக விற்று, சில வாரங்களில் முடிந்துவிடும். நம்மவர்கள் அதை ஆண்டு முழுவதற்குமான உணவாக்கினார்கள். ஆவணி, புரட்டாதியில் விழும் பனங்காயைப் பெண்கள் பொறுக்கி, களியைப் பிழிந்து பாயில் ஊற்றிப் பனாட்டாக்குவார்கள். கொட்டையைப் பாத்தியில் அடுக்குவார்கள். மாரி மழையில் முளைத்ததைத் தை, மாசியில் கிண்டியெடுத்து, பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் தீவாருக்கு ஒடியல் மா கைகொடுத்தது. இன்று அதே மா கடல் கடந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகிறது.

என் கணிப்பில் தீவகத்துக்கு ஏற்ற தொழில் ஒடியல்தான். கருப்பட்டி காய்ச்ச விறகு வேண்டும், நிறைய வேண்டும். பற்றைக்காடு மட்டுமே உள்ள தீவில் அந்த விறகு எங்கிருந்து வரும்? ஒடியலுக்கு வெயில் போதும். மரமேற ஆள் தேவையில்லை; விதவைப் பெண்ணும் வயதான அம்மாவும் தங்கள் வளவிலேயே செய்யலாம். பனையோலைப் பெட்டியில் கட்டி விற்றால், வீசிய பெட்டியை மாடு தின்றாலும் கேடில்லை.

உடன்குடியிடம் நாம் கற்க ஒன்று உண்டு. அவர்கள் ஊர்ப்பெயரைப் பண்டத்தோடு சேர்த்து விற்றார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனாலும் சீனி கலந்த போலிக் கருப்பட்டி அங்கே உண்மைத் தொழிலாளியை இன்னும் வாட்டுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். இருந்தும் செங்கல் சூளைகளுக்கு எத்தனையோ மரங்கள் போயின. 2021இல்தான் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. நமக்கு 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. வெட்ட அனுமதியும் வேண்டும். அப்படியிருந்தும் போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போன பனைகளுக்கு ஈடு இன்னும் வரவில்லை.

ஒடியல் செய்வோரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிழங்கும் ஒரு வடலியாகியிருக்க வேண்டியது. பாத்தி போடும்போது ஒரு கடகம் கொட்டையைக் கரையோரத்தில் ஊன்றிவிடுங்கள். வேலிக்கு ஓலை வெட்டும்போது எல்லாப் பனையையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், இரண்டு மூன்றைக் காவோலையோடு குருவிகளுக்கு விடுங்கள். வாங்குபவர்கள், எந்தத் தீவு ஒடியல் என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் புரட்டாதியில் ஊன்றும் கொட்டை காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேலாகும்.