ஒரே சேனை, இரண்டு பென்ஷன்

ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்கும் பெரியவர்களை ஊர் ‘சொல்தா’ என்றுதான் சொல்லும். பிரெஞ்சுச் சேனையில் இருந்துவிட்டு யூரோவில் பென்ஷன் வாங்குகிறவர்கள். அந்தப் பணத்தின் மேல் ஊருக்குப் பொறாமை உண்டு; அதைத் தரும் சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை இருந்துவிட்டால் பதவியும் சேவைக்காலமும்தான் கணக்கு. பிரான்சின் லியோன்காரருக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரருக்கும் ஒரே விகிதம். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கேட்டு 2015-இல் இந்திய ராணுவத்தின் முன்னாள் வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெரிய விஷயம்.

கோளாறும் அந்தக் குடியுரிமையில்தான். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்றி 1962 ஆகஸ்ட் 16-இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படி, இங்கேயே பிறந்து குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பிரெஞ்சுக்காரராக நீடிக்கலாம். பாரிசோ, முன்னாள் காலனி நாட்டவரின் பென்ஷனைப் பழைய விகிதத்திலேயே உறையவைக்க 1959 டிசம்பரிலேயே சட்டம் போட்டிருந்தது. மொராக்கோ வீரர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள்; பின்னால் செனகல் வீரர்களும். நம்மூர் சொல்தாக்களைக் காத்தது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம்தான். போர்க்களத்தில் காட்டிய வீரம் அல்ல.

செனகல் வீரர்கள் முறையிட, இது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1989-இல் சொன்னது. காலனி வீரர்களைப் பற்றிய ஒரு சினிமா 2006-இல் வந்த பிறகுதான் பாரிஸ் கொஞ்சம் இறங்கியது. அதுவும் ஊனமுற்றோர் பென்ஷனுக்கும் போர்வீரர் படிக்கும் மட்டும். 2010 மே 28-இல் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் பாகுபாட்டை ரத்து செய்தது. ஒரே அயல்நாட்டில் வாழும் இருவரைக் குடியுரிமை பார்த்துப் பிரிக்கக் கூடாது. ஆனால் வாழும் இடத்தின் விலைவாசியைப் பார்த்துத் தொகையை மாற்றலாம் என்றது. முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதியை நாளை ஒரு அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், முத்தியால்பேட்டைக்காரரின் யூரோ ரூபாய்க் கணக்குக்கு இறங்கிவிடும்.

இன்னொரு குறை வீட்டுக்குள் இருக்கிறது. சொல்தா இறந்தால் மனைவிக்குப் பாதி பென்ஷன். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். மறுமணம் செய்தால் அந்தப் பாதியும் நின்றுபோகும். சேனைக்கு ஆள் எடுக்கும்போது இவ்வளவு காகிதம் யாரும் கேட்டதில்லை.