சீருடை யாரைச் சமமாக்குகிறது?

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரை மணிக்கு நிற்கும் பிள்ளைகளின் உடையைப் பார்த்தே, அவர்கள் வீட்டில் பள்ளிக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்று உள்ளூர்க்காரர் எவரும் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். கழுத்தில் டை, பெல்ட்டில் பள்ளியின் முத்திரை என்றால் ஒரு கணக்கு. கட்டம்போட்ட சட்டை, ஷூ உண்டு, டை இல்லை என்றால் இன்னொரு கணக்கு. அரசு கொடுத்த துணி என்றால் கணக்கே தேவையில்லை. ஏழை பணக்காரர் வித்தியாசம் தெரியாமலிருக்கத்தான் சீருடை என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ஊர் நடுவில் நின்று பார்த்தால் அதே சீருடைதான் அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டுகிறது.

இதைச் சொல்வதால் சீருடையே வேண்டாம் என்று வாதிடப்போகிறேன் என எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் சீருடைக்கு நல்ல பிறப்பு உண்டு. காமராசர் முதல்வராக இருந்த 1954–63 காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முனைப்பில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் கைகொடுக்க, மதிய உணவும் சீருடையும் பிள்ளைகளை வகுப்புக்குள் இழுத்து வந்தன. பண்ணையார் வீட்டுப் பையனும் அவர் தோட்டத்தில் வேலை செய்தவரின் பையனும் ஒரே பள்ளியில், பல ஊர்களில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் அது. பட்டுச் சட்டையும் கிழிந்த சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது வலிக்கும் என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு. அந்த இடத்தில், அந்தக் காலத்தில் சீருடை சொன்ன வேலையைச் செய்தது.

பிறகு 1985-இல், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தருவது ஒரு முறையான திட்டமானது. 2012-13 கல்வியாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு ஜோடி. இந்தத் துணிக்கும் கொங்கு மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஈரோடு, திருச்செங்கோடு, சேலம் வட்டாரங்களின் விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில்தான் இதில் பெரும்பகுதி நெய்யப்படுகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுகிறது. பொங்கல் வேட்டி சேலை முடிந்தால் அடுத்து யூனிபார்ம் ஆர்டர் எப்போது வரும் என்பதுதான் பல தறிக்காரர்களின் கவலை. நூல் வருவது தாமதமானால் தறி நிற்கும், தையல் நிற்கும், ஜூன் மாதம் பிள்ளை போன வருடத்துச் சட்டையோடு போகும். இந்தப் பணம் இந்த மண்ணிலேயே சுற்றுகிறது. நிறத்தைப் பற்றியும் தையலைப் பற்றியும் எத்தனை குறை சொன்னாலும் இதை மறந்துவிட்டு இத்திட்டத்தை எடைபோடக் கூடாது.

இன்னொரு சின்னப் பலன். ஜூனில் புதிய பஸ் பாஸ் கைக்கு வரும்வரை, சீருடையில் வரும் மாணவரை அரசுப் பேருந்தில் இலவசமாக ஏற்றிக்கொள்ளும்படி நடத்துநர்களுக்குச் சொல்லப்படுகிறது. காரமடையிலிருந்தோ சிறுமுகையிலிருந்தோ டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு அந்தச் சில வாரங்கள் சட்டையே டிக்கெட். பள்ளி நேரத்தில் பேக்கரியிலோ மண்டியிலோ சீருடைப் பிள்ளை நின்றால் யாராவது ஒருவர் கேட்பார்: “ஏங்கண்ணு, ஸ்கூலுக்குப் போகலையா?” வண்ணச் சட்டை போட்டு நிற்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

சீருடை ஒழுக்கத்தையும் படிப்பையும் வளர்க்கிறது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் லாங் பீச் நகரில் 1994-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கியபோது பலத்த பாராட்டு எழுந்தது. 1998-இல் பிரன்ஸ்மா, ராக்கெமோர் என்ற இரு சமூகவியலாளர்கள் தேசிய அளவிலான தரவுகளை எடுத்து அலசியபோது, வருகையிலோ நடத்தையிலோ சீருடையால் நேர்ந்த நன்மை என்று எதையும் காணவில்லை. கென்யாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்துப் பார்த்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. பள்ளிக்கு வராத நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. அதே பிள்ளைகளை எட்டு ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது நீடித்த பலன் தென்படவில்லை. ஆக, சட்டை கொடுத்தால் பிள்ளை வாசலைத் தாண்டி வரும். உள்ளே நடப்பது ஆசிரியர் கையில்.

நம் ஊருக்கு வருவோம். சீருடையின் பொருள் மாறிய இடம் துணிக்கடையில் இல்லை. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் இறுதியில் பல்கலைக்கழகங்களின் கையிலிருந்து மாநில அரசின் கீழ் வந்தன. அதற்குப் பின் கொங்கு வட்டாரத்தில் அவை பெருகிய வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை மஞ்சள் வேன் ஏறியது; அவரிடம் கூலிக்கு வந்தவரின் பிள்ளை அரசுப் பள்ளியிலேயே நின்றது. இரண்டு பேரும் சீருடைதான் போடுகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. சேர்ந்து உட்காராத பிள்ளைகளைச் சட்டை எப்படிச் சமமாக்கும்? மதில் சுவருக்குள் இருக்கும் நாற்பது பேரை அது ஒன்றாக்குகிறது. அந்த நாற்பது பேரும் ஏற்கெனவே ஏறத்தாழ ஒரே வருமானக் குடும்பங்கள். சுவருக்கு வெளியே அது பள்ளியின் விளம்பரம். 2010-இல் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளின் பாடநூலையும் மெட்ரிக் பள்ளிகளின் பாடநூலையும் சண்டை போட்டு ஒன்றாக்கியது. உடையைத் தொடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த விளம்பரத்துக்கு யார் பணம் கட்டுகிறார் என்று பாருங்கள். வாரத்தில் நாலு நாள் ஒரு உடை, புதன்கிழமை வெள்ளை, விளையாட்டுக்கு ‘ஹவுஸ்’ நிறத்தில் டி-ஷர்ட், கறுப்பு ஷூ ஒன்று, வெள்ளைக் கேன்வாஸ் ஒன்று, முத்திரை போட்ட பெல்ட், முத்திரை போட்ட சாக்ஸ். இவை பள்ளிக்குள்ளேயோ பள்ளி காட்டும் கடையிலேயோதான் கிடைக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை கட்டத்தின் அளவு மாறும், கோட்டின் நிறம் மாறும்; அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது. உலகத்துக்கே உடுப்பு தைத்து அனுப்பும் திருப்பூரும், மொத்த விலைத் துணிக்குப் பேர்போன ஈரோடும் பக்கத்தில் இருக்க, இங்கே ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையின் கால்சட்டைத் துணியை விருப்பப்பட்ட கடையில் வாங்க உரிமை இல்லை. புத்தகம், சீருடை வியாபாரத்தைப் பள்ளிகள் நடத்தக்கூடாது, குறிப்பிட்ட கடையில் வாங்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலிலேயே சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கைகளின் ஆயுளைப் பற்றிப் பெற்றோர்களுக்குத் தெரியும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளையின் பாடுதான் இதில் மோசம். கட்டணத்தை அரசு ஏற்றாலும் சீருடைக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கேட்கிறார்கள். இந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்ல வேண்டியிருந்தது. ஏழைப் பிள்ளையைப் பணக்காரப் பிள்ளைக்குச் சமமாக உட்கார வைக்க வந்த சட்டத்தின் வாசலில், சமத்துவ உடையே பில்லோடு நிற்கிறது.

டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1858-இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்ற மலைப் பள்ளிகளில் டையும் பிளேசரும் குளிருக்குப் பொருந்துகின்றன. அந்தத் தோரணை மலையிறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது குளிரை மேலேயே விட்டுவிட்டு வந்தது. ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையத்தில் ஏழு வயதுப் பிள்ளையின் கழுத்தை இறுக்குவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அது இங்கிலீஷ் மீடியம் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும்.

சரி, ஒரே பள்ளிக்குள்ளாவது வித்தியாசம் மறைகிறதா? ஓரளவு. வளரும் பையனுக்கு நாலு விரல் மடித்துத் தைத்ததை அடுத்த ஜூனில் பிரித்துவிடும்போது, பழைய மடிப்புக் கோடு கணுக்கால் அருகே தனியாகத் தெரியும். பிறந்தநாளுக்குக் ‘கலர் டிரஸ்’ போட்டு வந்து சாக்லேட் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அன்றைக்கும் யூனிபார்மிலேயே வரும் பிள்ளையை வகுப்பு கவனிக்கத்தான் செய்கிறது. பணத்தைவிட ஆழமான ஒன்று மணிக்கட்டில் இருக்கிறது. தென்மாவட்டங்களில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டி வருவதைத் தடுக்கப் பள்ளிக் கல்வி இயக்குநர் 2019-இல் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய கல்வி அமைச்சர், நம் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் கே.ஏ. செங்கோட்டையன், பழைய நிலையே தொடரும் என்று பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவரும் ஒரே பள்ளியின் சீருடையைப் போட்டவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்கவும் சொன்னது. சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் கையைப் பார்க்கவில்லை என்பதன் ஒப்புதல் அது.

இது தெற்கத்திச் சங்கதி என்று நாம் ஒதுங்க முடியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, ஒட்டியிருந்த தலித் மக்களின் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து 17 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதைத் தீண்டாமைச் சுவர் என்று பலர் சொன்னார்கள். அப்படிப்பட்ட சுவர்கள் நிற்கும் ஊரில், நாலு ஜோடி துணி சாதியை மறைத்துவிடும் என்று நம்புவது சோம்பேறித்தனம்.

பெண் பிள்ளைகளின் உடையில் நம் மாநிலம் நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. 2012-13-இல் ஆறாம் வகுப்பு முதல் பாவாடை தாவணிக்குப் பதில் சல்வார் கமீஸ் வந்தது; சைக்கிள் மிதித்துப் போகும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அவர்களைக் கேட்டால் தெரியும். கேரளத்தில் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி 2018-இல் ஆண் பெண் எல்லோருக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் கொடுத்துவிட்டது. இங்கே அப்படி யோசிக்கும் பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

சீருடையின் மிகக் கெட்ட முகத்தைக் கர்நாடகம் காட்டியது. உடுப்பியில் தலையில் ஹிஜாப் துணி போட்டதற்காக முஸ்லிம் மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு பக்கம் பிரிந்தார்கள். பெண் பிள்ளையின் படிப்புதான் முதலில் என்று நீதிபதி சுதான்சு துலியா எழுதியதன் பக்கமே நான் நிற்கிறேன். உள்ளே அழைக்க வந்த உடையைக் கொண்டு வெளியே தள்ளுவது எந்த மதத்துப் பிள்ளைக்கு நடந்தாலும் அநியாயம். இதன் சின்ன உருவம் நம் ஊரிலும் உண்டு: ஷூ இல்லை என்று வெயிலில் நிறுத்துவது, சாயம் போன சட்டை என்று வீட்டுக்கு அனுப்புவது. உடலளவிலோ மனத்தளவிலோ பிள்ளையைத் துன்புறுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அது இதற்கும் பொருந்தும்.

வேறு வழி இருக்கிறது. வெகு தூரம் போகவும் வேண்டாம். இலங்கையில் கொழும்பின் பெயர்பெற்ற பள்ளியானாலும் மலையகத் தோட்டப் பள்ளியானாலும் பிள்ளைகள் போடுவது பெரும்பாலும் வெள்ளைதான். பிரேமதாச ஆட்சியில் 1993-இல் தொடங்கிய இலவசச் சீருடைத் துணி, இடையில் வவுச்சராக மாறியும், 2022 நெருக்கடிக்குப் பின் சீனா கொடுத்த துணியைக் கொண்டும் எப்படியோ தொடர்கிறது. டையிலும் பேட்ஜிலும் அங்கேயும் அந்தஸ்து ஒளிந்திருக்கிறது. சர்வதேசப் பள்ளிகள் தனி உலகம். வெள்ளைத் துணியைத் துவைத்துப் பராமரிப்பது தாய்மாருக்குக் கூடுதல் வேலையும்கூட. இருந்தாலும் தெருவில் போகும் பிள்ளையின் சட்டையைப் பார்த்து அதன் அப்பா சம்பளத்தை யாராலும் கணக்குப் போட முடியாது. இங்கிலாந்து 2021-இல் சட்டமே இயற்றிப் பள்ளிச் சீருடையின் விலையைக் கட்டுக்குள் வைக்கவும், முத்திரை போட்ட பொருட்களைக் குறைக்கவும் பள்ளிகளுக்குக் கட்டளையிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: சீருடை இருக்கட்டும், இப்போது இருக்கும் கோலத்தில் வேண்டாம். மாநிலம் முழுக்க அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எங்கும் கிடைக்கும் ஒரே வெற்று நிறத் துணி, பள்ளிக்கு ஒரு பேட்ஜ், அவ்வளவு போதும். தனியார் பள்ளிகள் ஒத்துக்கொள்ளாது, அரசும் அவர்களோடு மோதத் தயங்கும் என்று தெரியும். சமச்சீர்ப் பாடநூலும் அப்படித்தான் நடக்காது என்றார்கள். அந்தப் பொதுச் சீருடை வரும்வரை, பெற்றோர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்றே மூன்று கேட்கலாம்: வாரத்துக்கு ஒரே உடை, துணியை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் உரிமை, ஐந்து வருடத்துக்கு மாறாத டிசைன். ஒருவர் கேட்டால் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.