தோளில் ஒரு நட்சத்திரம்

லீவுக்குக் கேமரன் மலையின் திரிங்காப்புக்கு வந்திருந்த பையன் வாசற்படியில் உட்கார்ந்து, பஞ்சைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு பூட்ஸை மெருகேற்றிக்கொண்டிருந்தான். முனையில் முகம் தெரிய வேண்டுமாம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா கேட்டார்: “இத முடிச்சா ஆர்மியில வேல குடுப்பாங்களாய்யா?” அவன் தலை நிமிரவில்லை.

அவன் சேர்ந்திருக்கும் பலாபெஸை எடைபோட அந்தக் கேள்வி போதும். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்போடு சேர்ந்து நடக்கும் மூன்றாண்டு அதிகாரிப் பயிற்சி இது. ஜூனியர், இன்டர்மீடியட், சீனியர் என்று ஆண்டுக்கொரு படி. வார இறுதியில் கவாத்து, ஆண்டு முகாம், கொஞ்சம் அலவன்ஸ், புறப்பாடக் கிரெடிட். தரைப்படைப் பிரிவில் முடித்தவர் லெப்டினன் மூடா, அதாவது இரண்டாம் லெப்டினன்ட், ஆகிறார். தோளில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் அசல்தான். ஆனால் அது அஸ்கார் வத்தானியா என்கிற சேமப்படையினுடையது. அதில் மாதச் சம்பளம் கிடையாது. நிரந்தரப் படைக்குத் தனியாக மனுப்போட்டுத் தேர்வாக வேண்டும். அங்கே தமிழர் எண்ணிக்கை மிகச் சொற்பம்.

ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியாவின் மாணவர் படையான என்.சி.சி. யாரையும் அதிகாரி ஆக்குவதில்லை. ஆனால் ‘சி’ சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரி, சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போகலாம். வேலை தேடுகிறவனுக்கு வெறும் பதவியைவிட அந்தக் கதவு பெரிது.

ராணுவமே வாழ்க்கை என்பவனுக்கு இங்கே சுங்கை பீசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் 2006 முதல் இருக்கிறது. 2017இல் அங்கேதான் சக மாணவர்கள் ஒரு கடற்படைக் கேடட்டை இஸ்திரிப்பெட்டியால் சுட்டார்கள், அதில் அவன் செத்தான். பலாபெஸும் விதிவிலக்கல்ல: 2025 ஜூலையில் ஜொகூரில் பயிற்சிக்குப் போன யூ.டி.எம். பல்கலைக்கழக மாணவர் இறந்தார், குடும்பம் விடாமல் கேட்டதால் ஆகஸ்டில் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். இதற்குப் பிறகும் ‘கஷ்டப்பட்டால்தான் கட்டுப்பாடு வரும்’ என்று பேசுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பிள்ளை முப்பது பேரை நிறுத்தி மலாயில் உத்தரவு போடப் பழகுவதை வேறெந்த வகுப்பும் தராது. சேரட்டும், அலவன்ஸையும் அந்த அனுபவத்தையும் மட்டும் கணக்கில் வைத்து. முதல் ஆண்டு மதிப்பெண் சரிந்தால் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். முக்கியமாக, அம்மா கேட்டதற்கு அவன் ‘இல்ல’ என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.