பதினாறு கட்டத்துக்குள் ஒரு நேர்த்தி

2014 பிப்ரவரியில் ஐஃபோனுக்கு வந்த ‘த்ரீஸ்’ என்ற எண் விளையாட்டை, மொபைல் கேம்களில் ஆக நேர்த்தியான படைப்புகளில் ஒன்றாக வைக்கிறேன். அஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட், இசையமைத்த ஜிம்மி ஹின்சன் ஆகிய மூவரின் உழைப்பு அது. நான்குக்கு நான்கு கட்டம். விரலால் தள்ளினால் அட்டைகள் நகரும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாகும். அதற்கு மேல் மூன்றோடு மூன்று, ஆறோடு ஆறு என்று ஒரே எண்கள்தான் சேரும். கேட்பதற்கு இவ்வளவுதான், ஆனால் கையில் எடுத்தால் ஒவ்வொரு விதியும் எவ்வளவு யோசித்து வைக்கப்பட்டது என்று தெரியும். ஒரு தள்ளலுக்கு அட்டைகள் ஒரு கட்டம்தான் நகரும். புது அட்டை எதிர்ப்பக்க ஓரத்திலிருந்துதான் நுழையும். அடுத்து வருவது என்ன நிறம் என்பதை மேலே முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். விரலை எடுக்காமல் பாதி தள்ளிப் பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடலாம். ஒன்றோடு ஒன்று சேராது என்பதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. சிவப்பு இரண்டு வராமல் நீல ஒன்றுகள் குவிந்து கட்டத்தை அடைக்கும்போது, நாலு நகர்வுக்கு முன் செய்த அவசரம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த எளிமைக்கு 14 மாதங்கள் பிடித்தன. சுஷி, சதுரங்கம், ஹைட்ரஜன் அணு என்று எத்தனையோ வேஷம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சின்ன முகம் வரைந்த வெறும் எண் அட்டைக்குத் திரும்பினார்கள். தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட 500-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அவர்களே பின்னர் வெளியிட்டார்கள். சேர்ப்பதைவிட விலக்குவதற்கே அதிகம் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் விளையாட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே அதே சாயலில் ‘1024’ வந்தது. மார்ச்சில் இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி ஒரே வார இறுதியில் எழுதிய ‘2048’ இலவசமாக வந்து உலகத்தையே பிடித்துக்கொண்டது. த்ரீஸின் விலை அப்போது 1.99 டாலர்.

விளையாட்டின் விதிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதே என்று கேட்கலாம். நியாயம்தான், பதிப்புரிமைச் சட்டமும் வடிவத்தைக் காக்குமே தவிர, யோசனையைக் காப்பதில்லை. சிருல்லி நிரலைக்கூடத் திறந்தே வைத்தார், முதலில் அதில் காசு பார்த்தவர்கள் அதை எடுத்து விளம்பரத்தோடு ஆப் ஸ்டோரில் ஏற்றிய வேறு பலர். எளிமையாக இருந்ததால்தானே மக்கள் 2048-ஐ விரும்பினார்கள் என்பது இன்னும் வலுவான வாதம். அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதில் அட்டைகள் ஓரம்வரை சறுக்கிப் போகும், புது அட்டை பெரும்பாலும் இரண்டாகவும், எப்போதாவது நான்காகவும் வரும். பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, இரண்டு திசையில் மாறி மாறித் தள்ளினாலே வெகுதூரம் போய்விடலாம். த்ரீஸில் அந்தக் குறுக்குவழி எடுபடாது. 14 மாதங்கள் எதற்காகச் செலவாயின என்பதற்கு இந்த வேறுபாடே பதில்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசம் நல்லதுதானே என்பதையும் தள்ளிவிட முடியாது. 2015-ல் த்ரீஸே விளம்பரத்தோடு இலவசமாக வந்தது, 2021-ல் ஆப்பிள் ஆர்கேட் சந்தாவுக்குள்ளும் போனது. பிழைக்க வேறு வழி குறைவு. ஆனால் விளம்பரத்தையோ உள்ளே விற்பதையோ நம்பி வாழும் இலவச விளையாட்டு நம்மைத் திரும்பத் திரும்பத் திறக்க வைத்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் மெல்ல விதிகளுக்குள்ளேயே நுழைந்துவிடும். உயிர் தீர்ந்தது, காத்திரு, இல்லையேல் வாங்கு என்று பாதி ஆட்டத்தில் கைநீட்டும் விளையாட்டுகள் அப்படிப் பிறந்தவை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு நம்மைப் பிடித்து வைக்கும் தேவை கிடையாது. நன்றாக இருந்தால் போதும். ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு விளையாட்டு பிடித்திருந்து, கையில் வசதியும் இருந்தால், அதன் விலையுள்ள பதிப்பையே வாங்குங்கள்.