ஏழையின் வாய்மொழிக்கு மட்டும் கொச்சையா?

ஆங்கில நாட்டில் ஒருவர் வாய் திறந்தாலே அவர் பிறந்த ஊரும் குடும்பத்தின் நிலையும் வெளிப்பட்டுவிடும் என்பர். 1914இல் இலண்டனில் அரங்கேறிய பெர்னாட்ஷாவின் 'பிக்மேலியன்' இந்த உண்மையின்மேல் எழுந்த நாடகம். பூக்காரி எலிசாவின் பேச்சைச் சில வரிகள் ஒலித்தவாறே எழுதிக் காட்டிய ஷா, இலண்டனுக்கு வெளியே இது விளங்காது என்று தாமே அம்முயற்சியைக் கைவிட்டார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சீமான்களின் உச்சரிப்பும் அகராதியின் எழுத்தோடு ஒத்ததன்று. எனினும் அதை அவ்வாறு சிதைத்து எழுத அவர் முற்படவில்லை.

இக்குறை நம்மிடமும் உண்டு. மலேசியத் தமிழ்க் கதைகள் பலவற்றில் பால்வெட்டும் தொழிலாளி, "பெரட்டுக்கு நேரமாச்சு, நெரை இன்னும் முடியல" என்பான். கிராணியாரோ, "ஏன் தாமதமாக வந்தாய்?" என்று இலக்கணம் வழுவாது வினவுவார். கதைத்தலைவரான ஆசிரியர் மனைவியிடமும் மேடைத்தமிழே பேசுவார். இஃது உண்மையா? அக்காலக் கிராணிமாருள் பலர் யாழ்ப்பாணத்தார். பிரிக்பீல்ட்சு இரயில்வே குடியிருப்புகளில் 'ஓம்' என்றும் 'என்ன செய்யிறியள்' என்றும் ஒலித்த பேச்சே அவர்கள் பேச்சு. அதுவும் வட்டார வழக்குத்தானே! ஏழையின் வழக்கு மட்டும் கொச்சையாக அச்சேறினால், கதை படிக்கும் தோட்டத்துப் பிள்ளை தன் தாயின் பேச்சையே பிழையென்று எண்ணி நாணும்.

ஆகவே அனைவரும் செந்தமிழே பேசட்டும் என்பாரும் உளர். அவ்வாறாயின் ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை, பெரட்டு என்னும் சொற்கள் என்னாவது? துரையின் 'பரேடு' தொழிலாளி வாயில் பெரட்டானதில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நல்வழி காட்டுகிறது. மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்தும் செல்வரும் அங்கே தத்தம் ஊர்ப்பேச்சையே பேசுகின்றனர். அதனால் எவர் பேச்சும் இழிவாகத் தோன்றவில்லை.

பெட்டாலிங் ஜெயா ஒருகாலத்தில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்டம். 1950களில் அங்கே நகர் எழுந்தது, பால்மரங்கள் மறைந்தன. லயமும் பெரட்டுக்களமும் போன பின்னர் அவற்றின் பேச்சு தங்குவதற்குக் கதையன்றி வேறிடம் ஏது? அதனை எழுதுவோர் தொழிலாளிக்குத் தரும் செவியைக் கிராணியாருக்கும் ஆசிரியருக்கும் தருவாராக. அதுவே நடுநிலை, அதுவே கலை.